பின் இருக்கையில் பூத்த உப்பு

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அண்ணன் மகன் வந்து கேட்டபோது, "அப்பா ரொம்பப் பொறுமையானவருன்னு ஆரம்பிங்க அத்தை" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனோடு ஒரே கொட்டகையில் காலமெல்லாம் வேலை செய்தவள் நான். சாயம் சரியாக வரவில்லை என்றால் கிண்ணத்தோடு தூக்கி எறிவார். எறிந்த கிண்ணத்தைத் தேடி எடுத்து வந்து கழுவி வைத்தது யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பொறுமையை என் பேரில் எழுதிக்கொள்ளலாம். தம் கண்ணில் பட்டதை இல்லை என்று சொல்ல அண்ணனால் முடியாது, அதுதான் அவருடைய குணம். அதனால் அவர் பட்ட பாடும் உண்டு. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அண்ணன் பிறந்தது மரக்காணத்தில், உப்பளத்துக்குப் போகிற பாதையில் இருந்த எங்கள் வீட்டில். அப்பா உப்பு வாருகிறவர். பாத்தியில் நின்று நின்று அவர் பாதங்கள் வெடித்துப் புண்ணாகி, செருப்பு போடவே முடியாமல் போயிற்று. அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மெட்ராஸுக்குப் போனார். அங்கே கார் சீட் தைக்கிற கடை ஒன்றில் சேர்ந்து, ரெக்சின் வெட்டுவதில் தொடங்கி, வெளுத்துப்போன தோல் சீட்டுக்குப் பழைய நிறத்தைத் திரும்பக் கொண்டுவரும் வேலை வரைக்கும் கற்றுக்கொண்டார். அம்மா இறந்த பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கே திரும்பி வந்து, ரோட்டோரம் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார். தையல் என்னுடையது, சாயம் அவருடையது. லாரி தார்ப்பாயும் பஸ் சீட்டும்தான் அன்றாடப் பிழைப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்துக் கார்கள் சில ஓடிக்கொண்டிருந்தன. அவை மட்டும் தோல் வேலைக்காக அண்ணனைத் தேடி வரும்.

அப்படி முதலில் வந்தது ஒரு டாக்டருடைய கார். காப்பிக்கொட்டை நிறச் சீட்டு, வெயிலில் வெளுத்திருந்தது. எந்தச் சீட்டிலும் அடியில், தையல் மடிப்புக்குள், வெயில் படாத தோல் கொஞ்சம் இருக்கும். அதை வைத்துத்தான் பழைய நிறம் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணன் சொட்டுச் சொட்டாகச் சாயம் கலந்து, தடவி, காயவைத்து, மறுபடி கலந்து, கொட்டகை வாசலில் வைத்துப் பார்த்தபோது அச்சு அசலாக இருந்தது. புதுச்சேரிக்குப் போய் மர நிழலில் நின்றதும் சீட்டு ஆட்டு ஈரல் மாதிரி இருந்ததாம். டாக்டர் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் கொட்டகைக்கு எதிரே முழுக்க உப்பு அம்பாரம். அதில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் கண்ணைக் கூசவைத்து, நிறத்துக்கு நிறம் உள்ள வித்தியாசத்தையே அழித்துவிடும். மரக்காணத்தில் உட்கார்ந்து சாயம் கலக்கிறவன்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். அன்றிலிருந்து அண்ணன் காருக்குள் ஏறி, கதவுகளை மூடிக்கொண்டுதான் நிறம் பார்ப்பார்.

எழுபதுகளின் நடுவில், ஒரு கோடையில், பெரிய முதலாளியின் கார் வந்தது. பெரிய முதலாளி எங்கள் பக்கத்தில் உப்பளம் வைத்திருந்தவர். அதற்குப் பல வருடங்கள் முன்பு, ஒரு நாள் காலையில், தாமே காரை ஓட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. மறுநாள் பார்த்தபோது அவருடைய சட்டையும் செருப்பும் மணலில் இருந்தன. கார் சற்றுத் தள்ளி சவுக்குத் தோப்பு ஓரமாகக் கதவு மூடி நின்றது. கட்டுமரங்கள் போய்த் தேடியும் உடல் கிடைக்கவில்லை. கடைசியில் தர்ப்பையால் உருவம் செய்து, அதற்குக் கொள்ளி வைத்துக் காரியத்தை முடித்தார்கள். அவர் மனைவி தாலியைக் கழற்றிவிட்டு வெள்ளைப் புடவைக்குப் போனார். காரை மூடி ஒரு கிடங்கில் தள்ளினார்கள். உப்பளம் அவர் தம்பியின் கைக்கு வந்தது, ஊர் அவரைச் சின்ன முதலாளி என்றது. இப்போது பெரிய முதலாளியின் மகளுக்குக் கல்யாணம். அப்பாவின் காரில்தான் ஊர்வலம் போவேன் என்று அந்தப் பெண் பிடிவாதமாக நின்றதால், சின்ன முதலாளி காரை எங்களிடம் அனுப்பி வைத்தார்.

அரக்குச் சிவப்புத் தோல். காய்ந்த செங்கல் மாதிரி ஆகியிருந்தது. பின் சீட்டின் இடது மூலையில் மட்டும் ஏதோ வெள்ளையாகப் படிந்திருந்தது. பூஞ்சணம் என்று நினைத்து நானே ஈரத் துணியால் துடைத்தேன், போய்விட்டது. அண்ணன் சாயம் ஏற்றினார். மறுநாள் விடிந்ததும் கதவைத் திறந்தால், அந்த மூலை மட்டும் கறுத்து ஈரமாக இருந்தது, யாரோ குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து இப்போதுதான் எழுந்து போனதுபோல. வெயில் ஏற ஏற ஈரம் வற்றி, அதே இடத்தில் வெள்ளை பூத்தது. அண்ணன் துடைத்துவிட்டு மறுபடியும் சாயம் ஏற்றினார். மறுபடியும் காலையில் ஈரம், மதியம் வெள்ளை. ஒவ்வொரு தடவையும் அதன் ஓரம் தெளிவாகிக்கொண்டே வந்தது. முதலில் முதுகு தெரிந்தது. பிறகு தோள், பிறகு தொடை.

அண்ணன் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு" என்றார்.

"உப்பளத்து ஊர்ல உப்பு இருக்காதா ண்ணா?"

"அப்ப மத்த சீட்ல ஏன் இல்ல?"

அதற்குப் பிறகு அப்பா கொட்டகைப் பக்கமே வரவில்லை. கதவை மூடினால் காருக்குள் கடல் வாசனை அடிக்கும். முன் சீட்டில் உட்கார்ந்து தைக்கும்போது நான் பின்னால் திரும்பவே மாட்டேன். திரும்பாமல் இருப்பது அதைவிட மோசம். கழுத்துக்குப் பின்னால் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறார் என்றே தோன்றும். எனக்குப் பயமாக இருந்தது, அதை ஒளிப்பானேன். உச்சி வேளையில் உப்பளத்தில் ஒரு ஆள் இருக்காது, எல்லாம் வெறும் வெள்ளை. அந்த நேரத்தில் அண்ணன் கதவுகளை மூடிக்கொண்டு, அந்த உருவத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து நிறம் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் இறங்கி வந்தவருடைய முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒரு கால மடிச்சிப் போட்டுனு உக்காந்திருக்காரும்மா" என்றார்.

"யாரு ண்ணா?"

அண்ணன் போய்க் கையைக் கழுவினார்.

அந்த வாரமே பெரிய முதலாளியின் மனைவி வேலையைப் பார்க்க வந்தார். நாங்கள் அவரை முதலாளியம்மா என்போம். அதிகம் பேசாதவர். பின் கதவைத் திறந்து பார்த்தவர் கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றுவிட்டார். நாற்காலியானாலும் காரானாலும் இடது காலை மடித்து அடியில் போட்டுக்கொண்டு உட்காருவது பெரிய முதலாளியின் பழக்கமாம். அதை அந்த அம்மா வாயால்தான் நாங்கள் கேட்டோம்.

"இது நான் உக்கார்ற எடம்" என்றார் முதலாளியம்மா. "இங்க எப்ப உக்காந்தாரு?"

அண்ணனுக்கு மழுப்பத் தெரியாது. "இந்தத் தோலு கடல் தண்ணிய நெறைய குடிச்சிருக்குதும்மா. நனைஞ்ச துணியோட ரொம்ப நேரம் உக்காந்தாதான் இவ்ளோ உள்ள எறங்கும். டிரைவர் சீட்ல ஒண்ணுமே இல்ல. அப்ப, கார ஓட்டினு வந்தப்ப நனையல. கடல்ல எறங்கனதுக்கு அப்புறம்தான் இங்க உக்காந்திருக்காரு."

"எறங்கனவரு கரைக்கு வந்துட்டாரா?"

"வந்திருக்காரும்மா."

அவர் அழவில்லை. "வந்து, என் எடத்துல உக்காந்து, துணி காயற வரைக்கும் இருந்துட்டு, எந்திரிச்சிப் போயிருக்காரு. வீடு இங்கருந்து எவ்ளோ தூரம் தம்பி?" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

கிளம்பும்போது முதலாளியம்மா ஒன்று கேட்டார். "என் பொண்ணு கல்யாணத்துல தாரை வாக்கறது கொழுந்தனாரும் அவரு பொண்டாட்டியுமாம். நான் உள் ரூம்ல இருக்கணுமாம். அறுத்தவ மணமேடைப் பக்கம் வரக்கூடாதாம். இப்ப என்கிட்ட சொன்னத எல்லாரு முன்னாடியும் சொல்லுவீங்களா?"

அவர் போனதும் நான் அண்ணனைக் கெஞ்சினேன். "வேணாம் ண்ணா. கெட்டியா சாயத்த பூசி மூடிடு. பெரிய எடத்து விவகாரம், நமக்கு எதுக்கு?"

"நான் மூடினாலும் அவரு வந்துடறாரே" என்றார் அண்ணன்.

சின்ன முதலாளியும் உறவுக்காரர்கள் சிலரும் ஒரு நாள் காலையில் வந்தார்கள். முதலாளியம்மா மகளோடு வந்து ஓரமாக நின்றார். அண்ணன் விஷயத்தைச் சொன்னதும் சின்ன முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்பா, உங்க கெணத்துத் தண்ணியே உப்புதான். அத ஊத்திட்டு எங்கண்ணன் வந்தாருன்னு கதை விடறியா?" என்றார். முதலாளியம்மா இதை எதிர்பார்த்தவர்போல, தாம் வந்த காரிலிருந்து ஒரு குடத்தை எடுத்து வந்து வைத்தார். பிரம்மதேசம் கிராமத்துப் பக்கமிருந்து அவர்கள் வீட்டுக்குக் குடிக்க வரும், உப்பில்லாத நல்ல தண்ணீர்.

அண்ணன் பின் சீட்டை முழுவதும் துடைத்தார். வெள்ளை எங்கேயும் இல்லை என்று எல்லோரையும் பார்க்கச் சொன்னார். பிறகு அந்தத் தண்ணீரைத் துணியில் தோய்த்து, சீட்டு முழுக்க ஒரே சீராக நனைத்துவிட்டு, கதவுகளைத் திறந்து வைத்தார். வெயில் ஏறியது. எல்லோரும் கொட்டகை நிழலில் நின்றார்கள். வலது பக்கம் காய்ந்து வெறும் தோலாகத்தான் இருந்தது. இடது பக்கத்தில் முதுகு வெளுத்தது, தோள் வெளுத்தது, அப்புறம் தொடை. கடைசியில் மடித்த கால். அவர் வந்து உட்கார்ந்தார். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை. உறவுக்காரக் கிழவி ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டாள்.

சின்ன முதலாளியின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப எங்கண்ணன் உயிரோட இருக்காருன்றியா?"

"கடல்லருந்து வந்தாரு, இங்க உக்காந்தாரு. அதுக்கு மேல தோல்ல ஒண்ணும் இல்லீங்க."

"எனக்கு அது போதும்" என்றார் முதலாளியம்மா.

அவர் மஞ்சள் கயிற்றைத் தாமே கட்டிக்கொண்டார். கல்யாணத்தன்று பச்சைப் பட்டு உடுத்தி, பொட்டு வைத்து, மணமேடையில் முன்னால் நின்று மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். அவருக்குப் பக்கத்தில் புருஷன் நிற்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவைத்தார்கள். காரில் அந்த உருவத்தை அழிக்கக் கூடாது என்று அண்ணனிடம் சொல்லியிருந்தார். அண்ணன் அரக்குச் சிவப்பை அதன் விளிம்பு வரை கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். மடிப்புக்குள் இருந்த பழைய தோலுக்கும் அவர் ஏற்றிய சாயத்துக்கும் எந்த வெளிச்சத்திலும் வித்தியாசம் தெரியாது. அவர் செய்த வேலைகளிலேயே அதுதான் உசத்தி. ஊர்வலத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் வலது பக்கமாக நெருங்கி உட்கார்ந்தார்கள். பெண்ணுக்கு இடது பக்கம் அந்த வெள்ளை. அம்பாரங்களுக்கு நடுவே கார் மெதுவாகப் போனபோது, வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். குலவையிட வந்தவர்களுக்குக் குரலே வரவில்லை.

அதன் பிறகு வெகு நாள் எங்கள் கொட்டகைக்கு உள்ளூர் வேலை வரவில்லை. செத்தவரை எழுப்பினவன் என்று அண்ணனைப் பார்த்துச் சிலர் பாதை மாறிப் போனார்கள். பெண் கொடுக்கவும் யோசித்தார்கள். கீழ்புத்துப்பட்டிலிருந்து வந்த அண்ணிதான் யோசிக்கவில்லை. "செத்தவங்கள எழுப்பறவரு காலைல தானா எந்திரிப்பாரான்னு மட்டும் கேட்டு வந்தேன்" என்று கடைசி வரை கிண்டல் செய்வார். அவரும் அண்ணனும் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்கினார்கள். என் கணவர் போன பிறகு என்னையும் என் மகளையும் அண்ணன்தான் பார்த்துக்கொண்டார். அதை நான் எப்படி எழுதினாலும் குறைவுதான்.

கடைசி நாட்களில் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோது, ஒரு மத்தியானம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏம்மா, அவரு எந்திரிச்சி எந்தப் பக்கம் போயிருப்பாரு?"

யாரைக் கேட்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. "ரோட்டுப் பக்கந்தான் ண்ணா. வேற எங்க போவாரு?"

"அந்தத் தோப்புலருந்து ரோடும் கடலும் ஒரே தூரம்" என்றார் அண்ணன்.

அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில் பணிவிடை செய்த நர்ஸம்மாக்களுக்கும், மழையிலும் வந்து தூக்கிச் சென்ற தெருக்காரர்களுக்கும், காரியம் முடியும் வரை எங்கள் வீட்டு அடுப்பை எரியவைத்த பக்கத்து வீட்டாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். திண்டிவனத்திலிருந்து முதலாளியம்மாவின் மகளும் வந்திருந்தார். முதலாளியம்மா பொட்டும் பூவுமாகவே கண்ணை மூடிப் பல வருடம் ஆகிறது. அந்த மகள் அண்ணனின் காலடியில் உட்கார்ந்து எங்கள் எல்லோரையும்விட அதிகமாக அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கப்பாவுக்குத் திவசம் குடுக்கறத அம்மா அன்னிக்கே நிறுத்திட்டாங்க. உயிரோட இருக்கறவருக்கு அழக்கூடாதுன்னுட்டாங்க" என்றார் அவர். "இப்ப இருந்தாலும் நூறு வயசு தாண்டியிருக்கும். எந்த நாள்ல அழறதுன்னு தெரியாமலே இருந்துட்டேன்க்கா. இங்க அழுதுக்கறேன்."

அவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தங்கை,
மரக்காணம்