மஞ்சள் பட்டையும் பன்னிரண்டு எலிகளும்

தெனின் குலிபாலியின் வாய்க்குப் பயந்து பமாகோ சந்தையில் பாதிப் பேர் அவள் கடை வரிசைப் பக்கமே போக மாட்டார்கள். மரப்பட்டையும் வேரும் விற்கிறவள். விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்தவனை, அவன் சந்தை வாசலைத் தாண்டும்வரை ஏசுவாள். புருஷன் இரண்டாம் பெண்டாட்டி வீட்டோடு போய்ச் சேர்ந்ததற்கும் அந்த வாய்தான் காரணம் என்று பேச்சு. அதில் பொய்யொன்றும் இல்லை.

அவளைத் திருப்பி ஏச ஒருவனுக்குத்தான் துணிச்சல் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஃபமோரி கெய்தா. குலிபாலிகளும் கெய்தாக்களும் கேலி முறைக்காரர்கள். ஒருவரை ஒருவர் என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது, பாட்டன் காலத்து ஏற்பாடு அது.

"என்ன தட்டப்பயறு தின்னி, இன்னும் சாகலையா நீ?"

"அடிமைப் பயலே, உன்னைப் புதைக்காம நான் எப்படிடா சாவேன்?"

ஆய்வுக்கு அவளிடம்தான் மஞ்சள் பட்டை வாங்கிப் போனான். நாலு மாதம் கழித்து வந்து, "உன் பட்டைச் சாறு கண்ணாடித் தட்டுல ஈரல் புற்று அணுவைக் கொல்லுது. பயறு தின்னி கடையிலயும் உருப்படியா ஒண்ணு இருக்கு பாரேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தெனின் மட்டும் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அந்த மழைக்காலத்தில் அவள் தம்பி மொலோபாலிக்கு ஈரலில் கட்டி வந்தது. "சின்னதுதான். இப்பவே அறுத்து எடுத்துட்டாப் பிழைச்சுக்குவார்" என்றார் டாக்டர். தெனின் தம்பியைக் கையோடு வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டாள்.

"அறுக்கிறவன் ஆட்டை அறுக்கட்டும். உனக்கு நான் இருக்கேன்டா."

காலையும் மாலையும் ஒரு செம்பு பட்டைக் கஷாயம். தம்பி குமட்டினால் மூக்கைப் பிடித்து ஊற்றினாள்.

சேதி காதுக்கு எட்டி, பத்தாம் நாள் ஃபமோரி கடைக்கு வந்தான். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். பழக்க தோஷம், சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தான்.

"பயறு தின்னி, அந்தக் கஷாயத்தை நிறுத்து. எலிக்குக் கொடுத்துப் பார்த்தோம். புற்றைத் தொடுறதுக்கு முன்னாடி ஈரலையே தின்னுடுது."

"அதெல்லாம் கெய்தா வீட்டு எலியா இருக்கும். அதான் தாங்கல."

கூட்டம் கைதட்டியது.

"நிஜமாத்தான் சொல்றேன்."

"நீ என்னைக்குடா நிஜம் பேசின?"

அவனும் சிரித்துவிட்டுப் போய்விட்டான். பாவி, தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவள் மட்டும் யோக்கியமா? பட்டையைப் புகழ்ந்தபோது அவன் பேச்சு இவளுக்கு விளையாட்டாகப் படவில்லையே.

மூன்றாம் வாரம் கண் மஞ்சளாகி, நினைவு தப்பி, மொலோபாலி ஆஸ்பத்திரியில் செத்தான். "கட்டி அப்படியேதான் இருக்கு, ஈரல்தான் மொத்தமாக் கெட்டுப்போச்சு. என்ன குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

இழவு வீட்டுக்குக் கேலி முறைக்காரன் வந்து, செத்தவனைக் கிண்டலடித்து, அழுகிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். ஃபமோரி வந்தான். வாசலிலேயே தலைகுனிந்து நின்றான். பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் அவன் வாயையே பார்த்துக் காத்திருந்தார்கள். தெனின் எழுந்து அவன் எதிரே போய் நின்றாள்.

"சொல்லுடா. எத்தனை எலி?"

"வேண்டாம் அக்கா." அவளை அவன் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"எத்தனைன்னு கேட்டேன்."

"பன்னெண்டு எலிக்குக் கொடுத்தோம். பன்னெண்டும் செத்துப்போச்சு."

பாயில் இருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சந்தைக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அத்தனையும் கெய்தா வீட்டு எலிதானே?" என்று எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் சிரித்தார்கள்.