வாறன்

கண்டி ஏரியைச் சுற்றி நடப்பவர்கள் எல்லோருக்கும் மனசு நிம்மதியாகிவிடும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. அன்று மாலை எனக்கு எரிச்சல்தான் கூடிக்கொண்டே போனது. மதிலோரம் நின்று படமெடுக்கிறவர்கள், வெள்ளை உடுப்பும் கையில் தாமரையுமாகத் தலதா மாளிகைக் கோயிலுக்குப் போகிறவர்கள், எல்லோரும் ஒரு அவசரமும் இல்லாமல் என் வழியை மறித்துக்கொண்டிருந்தார்கள்.

மதுரையிலிருந்து இங்கே படிக்க வந்த எனக்கு, அறைத் தோழியைத் தவிர வேறு ஆள் இல்லை. அவள் யாழ்ப்பாணத்துக்காரி. ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, இந்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும், படிப்பைத் தொடர்வதா விடுவதா தெரியவில்லை என்று அவள் சொன்ன நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு நின்றுபோயிருந்தது. பாதியில் விட்டுவிட்டுப் போவாளாம்! ஒரே அறைக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தோம். அன்று கட்டிலில் அவளுடைய பை பாதி நிரம்பியிருந்ததைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஏரிக்கரைக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. "ஏரிக்கரையில இருக்கேன்" என்று ஒரு செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "வாறன்."

அப்பாடா என்றிருந்தது. தெருமுனைக் கடையில் இரண்டு கட்லட் வாங்கிக்கொண்டு, மாளிகைப் பக்கம் கண்ணை வைத்து நின்றேன். குடை பிடித்த பெண் யார் வந்தாலும் அவள்தான் என்று நினைத்தேன். மாலைப் பூசை மேளம் தொடங்கி அடங்கியது. தூறல் வந்தது, நின்றது. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தேன். அவளைக் காணோம்.

கடைக்கார அக்காவே கேட்டுவிட்டார். "ஆறிப் போச்சே தங்கச்சி, சூடு பண்ணித் தரவா?"

"வேணாங்க்கா. இப்ப வந்துடுவா."

பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினேன்: "சீக்கிரம் வா. உனக்காகத்தான் காத்துட்டிருக்கேன்."

பதில் வந்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"ஓம். கட்டாயம் வருவன். வேலையைப் பிறகு பாப்பம். இவ்வளவு நாளும் ஒரு வார்த்தை கதைக்காமல் இருந்திட்டு, இப்ப பஸ்ஸுக்குள்ள வைச்சு அழப் பண்ணுறாய். மாத்தளை தாண்டிட்டம்."

மாத்தளை யாழ்ப்பாணம் போகிற வழியில் இருக்கிற ஊர். இரண்டு தடவை படித்த பிறகுதான் உறைத்தது. 'வாறன்' என்று அவள் விடைபெற்றிருக்கிறாள். எங்கள் ஊரிலும் வாசலைத் தாண்டும்போது 'வர்றேன்' என்றுதான் சொல்வோம். அதைக்கூட மறந்து, எனக்கு வேண்டிய அர்த்தத்தில் படித்துக்கொண்டு ஒரு ஏரியையே சுற்றியிருக்கிறேன். அவளும் சளைத்தவள் இல்லை. நான் கடுகடுத்ததை, போய்ச் சீக்கிரம் திரும்பி வா என்று படித்திருக்கிறாள்.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் சொன்னது அப்படியில்லை என்று விளக்கம் எழுதத் தொடங்கி, பாதியில் அழித்தேன். மதிலில் உட்கார்ந்து, ஆறிப்போன கட்லட் இரண்டையும் நானே தின்றேன்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எழுதினேன்: "சீக்கிரம் வா." இந்தத் தடவை, அவள் படித்த அர்த்தத்தில்.