அண்ணன் காலில் வளர்ந்த மச்சம்

எங்கள் வீட்டில் ஒரு மச்சத்துக்குக் கிடைத்த மரியாதை, படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. அண்ணனின் இடது குதிகாலின் அடியில் மிளகு அளவில் இருந்த கறுப்பு, ஒரே வருஷத்தில் நாவல்கொட்டை அளவுக்குப் படர்ந்தது. உள்ளங்கால் மச்சம் ராஜயோகம், அது வளர வளரப் பதவியும் வளரும் என்று செம்பட்டி ஜோசியர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ரெட்டியார்சத்திரம் பக்கம் தக்காளி போட்டுக்கொண்டிருந்த அண்ணன், ஒன்றியத் தேர்தலில் நிற்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டினார். அவர்களும் குனிந்து பார்த்துப் பவ்யமாகத் தலையாட்டினார்கள். அத்தனை முட்டாள்களை ஒரே வாசலில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் திண்டுக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. செல் பிரிவதைக் கரும்பலகையில் வருஷாவருஷம் வரைகிறவள். மாணவர்கள் அதை அப்படியே ஒப்பித்து மார்க் வாங்கிக்கொண்டு, மறுநாளே மறந்துவிடுவார்கள். வீட்டிலாவது ஒருவர் கேட்பாரா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிப் பார்த்தேன். உடம்பு வளரவும், தேய்ந்ததை மாற்றவும், புண் ஆறவும் ஒரு செல் தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்குகிறது. இடம் நிரம்பி, பக்கத்துச் செல்லைத் தொட்டதும் நிறுத்திக்கொள்ளும். நிறுத்தத் தெரியாமல் பிரிந்துகொண்டே போனால் அதற்குப் பெயர் யோகமில்லை, ஆளைக் கொல்லும் வியாதி.

"அண்ணன் நல்லாருக்குறது ஒனக்குப் பொறுக்கல" என்றார் அம்மா.

"பாடத்தப் பள்ளிக்கூடத்துல நடத்துத்தா" என்று அண்ணன் சிரித்தார். மருத்துவமனைக்கு மட்டும் வரமாட்டேன் என்றார். மச்சத்தில் கத்தி பட்டால் யோகம் போய்விடுமாம்.

தை மாதம் மாலை போட்டுக்கொண்டு பழனிக்கு நடந்தார், வழக்கம்போல வெறுங்காலோடு. திரும்பி வந்தபோது விரல்களுக்குக் கீழே கொப்புளங்கள் உடைந்திருந்தன, மச்சத்திலும் ரத்தம் கசிந்தது. முருகனுக்குக் கொடுத்த ரத்தம் என்று அம்மா அதில் விபூதியை அப்பினார். சுவரோடு பேசி எனக்கும் அலுத்துவிட்டது.

கொப்புளம் இருந்த இடங்களில் சில நாட்களிலேயே ரோஸ் நிறத்தில் புதுத்தோல் மூடிவிட்டது. மச்சம் மட்டும் கசிந்துகொண்டே இருந்தது. தினம் அந்தக் காலைக் கழுவித் துடைத்த மதினிதான் இதைக் கவனித்தார். பத்தாவது தாண்டாதவர். எனக்குப் போன் செய்தார்.

"ஒரே காலு, ஒரே நட. அது ஆறிருச்சு, இது ஏன் ஆறல? நீ சொன்னியே, நிறுத்தத் தெரியாததுன்னு. அது இதுதானா?"

இத்தனை வருஷ ஆசிரியத் தொழிலில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது.

மதினி அழுது அடம்பிடித்து அண்ணனை மதுரைக்குக் கூட்டிப்போனார். குதிகாலில் உள்ளங்கை அளவு வெட்டி எடுத்தார்கள். அதற்குள் அது தொடையிடுக்கில் நெறி கட்டும் இடம் வரை போய்விட்டது. ஊசி போட்டுப் பார்க்கலாம், எப்படிக் கேட்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த பிறகு ஜோசியர் ஆயக்குடிக் கொய்யாப் பையோடு நலம் விசாரிக்க வந்தார். வெட்கமே இல்லாத மனுஷர். மச்சத்தை வெட்டியதால்தான் கிரகம் கோபித்துக்கொண்டது என்றார். எங்கள் வீட்டில் அவருக்குத்தான் நல்ல நாற்காலி.

அண்ணன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏத்தா, கொப்புளத்துல தோலு வந்து நின்னுச்சே. அது மாதிரி இது எப்ப நிக்கும்?"

"அதுவா நிக்காதுண்ணே. நிறுத்தத்தான் ஊசி."

"நிறுத்திருமா?"

மதினி தலையைக் குனிந்துகொண்டு காயத்தின் கட்டுத்துணியை மாற்றிக்கொண்டிருந்தார்.

ஜோசியர் எழுந்தார். அவரை வழியனுப்ப வாசல் வரை போன அம்மா, அங்கே தணிந்த குரலில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா திரும்பி உள்ளே வந்ததும் நான்தான் முதலில் கேட்டேன்.

"என்னம்மா சொன்னாரு? வார தைக்கு அண்ணன் நல்லா இருப்பாருன்னாரா?"