பரண் மேல் ஒரு வாய்மொழித் தேர்வு

பெருந்தொற்று ஆண்டில், வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்க ஓய்வுபெற்ற நர்சுகளையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தவை காவலூருக்கு மேலே உள்ள மலை ஊர்கள். ஐப்பசியில் ஒரு காலை, குமரேசன் வீட்டில் அவருக்கு நூற்றொன்று காய்ச்சல். சளி மாதிரி எடுத்துக்கொண்டு, “மவ எங்க?” என்றேன்.

“சாமைக் கொல்லையில, பரண் மேல கீறா நர்சம்மா. நான் படுத்துட்டேன், கிளி வெரட்ட ஆளில்ல. காலேஜும் அங்கதான் நடக்குது.”

மகள் இளவரசி விலங்கியல் இரண்டாம் ஆண்டு. கல்லூரி மூடியதும் மலைக்குத் திரும்பியவள். ஊரில் போனுக்கு சிக்னல் எட்டுவது அந்தக் காவல் பரணில் மட்டும்தான். அவளையும் பார்க்க மேடேறினேன்.

போனை மூங்கில் காலில் ரிப்பனால் கட்டியிருந்தாள். வாய்மொழித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மறுவாய்ப்பு கிடையாது, தவறினால் ஒரு வருடம் போயிற்று.

“இதயத்துல ரத்தம் போற பாதையைச் சொல்லும்மா,” என்றது ஆசிரியையின் குரல்.

“உடம்புல இருந்து மொதல்ல ரைட் ஏட்ரியம் மேடம்…” அதற்குள் கிளிக்கூட்டம் கதிரில் இறங்கியது. “ஓஓய்! போ சனியனே!”

“யாரைச் சொல்ற?” என்றது போன்.

“ஐயோ, கிளிய மேடம்! சாமைய தின்னுது!”

“நல்ல கதை. புக்கு புரட்ட நேரம் வாங்கறியா? கேமராவைப் போடு. ரெண்டு கையும் எனக்குத் தெரியணும்.”

கேமரா போட்டால் சிக்னல் அறுந்து போகலாம். போட்டாள். ஒரு கையில் கவண், மறு கையில் கல்.

“அங்கேருந்து ரைட் வென்ட்ரிக்கிள்.” கவண் தலைக்கு மேல் சுழன்று கல் பறந்தது. “அப்புறம் நுரையீரல்.” குனிந்து அடுத்த கல்லை எடுத்தாள். “திரும்பி லெஃப்ட் ஏட்ரியம், லெஃப்ட் வென்ட்ரிக்கிள், அயோர்ட்டா.” நடுவே உள்ள வால்வுகளையும் ஒன்று விடாமல் சொன்னாள். கிளிகள் எழுந்து போயின.

பயிற்சிக் காலத்தில் சுவரில் படம் மாட்டிச் சொல்லிக்கொடுத்தும் இந்தப் பாதையில் நான்கு முறை தடுமாறியவள் நான். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். முகக்கவசம் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

“அந்தக் கவணைக் கீழ வெச்சிடாத இளவரசி,” என்றார் ஆசிரியை. குரல் மாறியிருந்தது. “இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு.”

இரண்டுக்கும் பதில் வந்தது, மூன்று கல்லோடு.

“பாஸ்மா. கிளிகிட்டயும் சொல்லிடு.”

அவள் கீழே எட்டிப் பார்த்தாள். “இன்னா நர்சம்மா, எப்ப வந்தீங்க?”

“கைய நீட்டு.”

ஏணியில் பாதி இறங்கி நீட்டினாள். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன். ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. நாடி நூற்று முப்பத்தெட்டு. கருவியில் கோளாறோ என்று கழற்றி மறுபடி மாட்டினேன். நூற்று முப்பத்தாறு.

“பயமா இருந்திச்சா?”

“செத்தே போய்ட்டேன்.”

இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். அந்தக் குரலில் எங்கேயும் அது இல்லை.

“அப்பாவுக்கு ஜுரம் எப்டி கீது?” என்று கேட்டபடியே ஏணியில் ஏறினாள். கிளிகள் திரும்பி வந்துகொண்டிருந்தன.