பின் சீற்றில் ஒரு வெங்காய மூடை

போன ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங்கிய வெங்காய மூடையைக் காரின் பின் சீற்றில் தூக்கிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். சத்தம் நின்றுவிட்டது.

ஒரு மாதமாக என் பழைய காரின் பின்பக்கத்தில் ஒரு கிலுகிலுப்பு. மலிவாகக் கிடைத்ததே என்று வேறு கொம்பனிச் சைலென்சர் ஒன்றை மாட்டிய நாளிலிருந்து அது என்னோடு பயணம் செய்தது. மாட்டிக் கொடுத்த மெக்கானிக் மூன்று தரம் பின்னால் ஏறி இருந்து கேட்டார். மூன்று தரமும் சத்தம் வரவில்லை. குழாயில் பிழையில்லை, உங்கள் காதில்தான் என்பதுபோல என்னைப் பார்த்தார். இப்போது வெங்காயம் ஏறியதும் மௌனம். சணல் சாக்கின் வாசமும் வெங்காய வாசமும் மெல்ல என் பிடரிக்கு வந்து நின்றன. காரை ஓரம் கட்டினேன். சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை.

உங்களுக்கு நல்லதம்பி அண்ணையைத் தெரியாது. சுன்னாகம் சந்தைக்கு முன்னால் வாடகைக் கார் விட்டவர். அந்தக் காலத்துக் கறுப்பு ஏ-போட்டிக் கார். கதவைத் திறந்தால் பெற்றோல், விபூதி, பழைய றெக்சின் மூன்றும் கலந்து ஒரு வாசம் வரும். அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியிருந்த எழுபதுகள் அவை. வெளியிலிருந்து வெங்காயம் வராததால் எங்கள் தோட்டக்காரர்கள் கல்வீடு கட்டினார்கள். வெளியிலிருந்து சைலென்சர் வராததால் எங்கள் கார்கள் எல்லாம் இருமின. ஒரே சட்டத்தின் இரண்டு பலன்கள்.

நான் அப்போது அட்வான்ஸ் லெவல் பரீட்சையை முதல் தரம் கோட்டை விட்டுவிட்டு, இரண்டாம் தரத்துக்குப் படிப்பதாக வீட்டாரை நம்பவைத்திருந்தேன். பௌதிகத்தின் மீது எனக்கிருந்த காதல் பௌதிகத்துக்கு என்மேல் இருக்கவில்லை. பகலில் பாதி நேரம் கார் திருத்தும் மயில் அண்ணையின் கராச்சில் கழியும். அவர் என்னை அழைப்பது 'விஞ்ஞானி' என்று. அது புகழ்ச்சியல்ல.

ஒருநாள் உச்சி வெயிலில் சந்தையடியில் நிற்கிறேன். நல்லதம்பி அண்ணையின் கார் வந்து நின்றது.

"தம்பி, வீட்டையோ? ஏறும்."

"காசில்லை அண்ணை."

"ஆர் காசு கேட்டது? ஏறும், கெதியா."

முன்கதவில் கை வைத்தேன்.

"முன்னுக்கில்லை. பின்னுக்கு இரும்."

அவர் தனியே கார் ஓட்டுவதில்லை என்று ஊரில் ஒரு கதை இருந்தது. ஹயருக்கு வந்தவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வழியில் யாரையாவது மறித்து ஏற்றுவார். ஆள் அகப்படாவிட்டால் ஒரு மூடை வெங்காயத்தைப் பின் சீற்றில் வைத்திருப்பார். சந்தையில் மற்ற ட்ரைவர்மார் இதைக் கண்டுவிட்டு, பகிடியாகவோ பயத்திலோ, கண்ணாடியில் எலுமிச்சங்காய்க்குப் பக்கத்தில் வெங்காயப் பிடியும் கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

போகும்போது, திரும்பிப் பாராமல், தானே சொன்னார். "பின்னாலை காப்புச் சத்தம் கேக்குது தம்பி. கண்ணாடிக் காப்பு. நான் தனிய வந்தால் மட்டும்தான். ஆளிருந்தால் அடங்கிப் போயிடும். வெங்காயம் இருந்தாலும் வராது. மணத்துக்கு ஆகாது போலை."

"மயில் அண்ணையிட்டைக் காட்டினனீங்களோ?"

"அவன் பின்னுக்கு ஏறி இருந்து பாத்தான். ஒண்டும் கேக்கேல்லை. எனக்கு விசர் எண்டு சொல்லிப்போட்டான். தைப்பூசத்துக்குள்ளை இது நிக்காட்டி காரை வித்துப்போட்டுக் கிளிநொச்சிக்கு, மச்சானின்ரை வயலுக்குப் போறன். இருவது வருசமா இந்த ஸ்ரேறிங்கைப் பிடிச்ச கை. மண்வெட்டி பிடிக்குமோ தெரியாது."

எங்கள் வீட்டு ஒழுங்கை முகப்பில் இறங்கினேன். கார் நகர்ந்தது. வெயிலில் ஒரு காகம்கூட இல்லை. பத்து யார் தூரம்கூடப் போயிருக்காது, வெறும் பின் சீற்றோடு போகும் அந்தக் காரிலிருந்து வந்தது: கிலுக், கிலுகிலுக். யாரோ கையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல. என் கையில் மயிர் எழும்பி நின்றது. எல்லாப் பழைய கார்களும் எதையாவது கொட்டிக்கொண்டு போன காலத்தில், தெருவில் நின்று ஒரு காரின் சத்தத்தைக் கேட்க யாருக்கு நேரம்? எனக்கு இருந்தது. பயந்து முடிந்த கையோடு மண்டைக்குள் ஒன்று பளிச்சென்றது. ஆளுக்கும் வெங்காயத்துக்கும் பொதுவானது என்ன? மணமா? இல்லை. பாரம்!

அடுத்த நாள் எங்கள் வளவில் இருந்து ஒரு மூடை ஆட்டெருவோடு போனேன்.

"என்ரை காருக்குள்ளை எருவோ?"

"ஒருக்கால் அண்ணை. பேய்க்கு வெங்காயம் ஆகாதெண்டால் எரு ஆகுமோ எண்டு பாப்பம்."

முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏற்றினார். நான் தெருவோரம் நின்றேன். எருவோடு ஓடியபோது சத்தமில்லை. இறக்கிவிட்டு ஓடியபோது கிலுக்.

மயில் அண்ணையையும் கூட்டிக்கொண்டு போய், கல்லுக் கிண்டின கிடங்கு ஒன்றின் குறுக்கே இரண்டு பனங்குற்றி போட்டு, அதன்மேல் காரை ஏற்றினோம். மயில் அண்ணை கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தார். பிறகு, "டேய் விஞ்ஞானி, இறங்கி வா" என்றார். குரலில் பகிடி இல்லை. பின் சில்லுகளின் அச்சின் அடிப்பக்கத்தில், சேறும் எண்ணெயும் படிந்த இரும்பில், ஐம்பது சத நாணயக் குற்றியளவு இடம் மட்டும் வெள்ளிபோல மினுங்கியது. அச்சுக்கு மேலால் வளைந்து போகவேண்டிய புகைக்குழாய், கீழால் நேரே போனது. குழாய் தொங்குவது காரின் உடம்பில். பின்னுக்கு ஆளிருந்தால் உடம்பு தாழும், குழாயும் தாழும், அச்சில் படாது. ஆள் இறங்கினால் உடம்பு எழும்பும், குழாயும் எழும்பி அச்சில் தட்டும். அவ்வளவுதான்.

"உதை ஆர் மாட்டினது?" என்று கேட்டேன்.

"நான்தான்ரா. தார்ப்பீப்பாத் தகரத்திலை அடிச்சனான். வளைக்க நேரமில்லை. அண்டைக்கு அண்ணை நிண்ட நிலை அப்பிடி."

நல்லதம்பி அண்ணை கிடங்கின் விளிம்பில் குந்தியிருந்தார். அங்கிருந்தே கதைத்தார். கண்ணாடிக் காப்புப் போட்ட ஒரு கர்ப்பிணிப் பெண்ணையும் அவளுடைய தாயையும் பின் சீற்றில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். ரயில் கேற் பூட்டிக் கிடந்தது. திறந்தவுடன் தாய், "கெதியா விடு மோனை" என்றாள். மகள், "மெல்லப் போங்கோ அண்ணை" என்றாள். இவர் தாயின் சொல்லைக் கேட்டார். தண்டவாளத்தில் கார் துள்ளி விழுந்து, பழைய சைலென்சர் அங்கேயே கழன்றது. உறுமிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளை பிழைத்தது. பெற்றவள் பிழைக்கவில்லை. மூன்றாம் நாள் மாட்டியதுதான் இந்தக் குழாய்.

மயில் அண்ணை குழாயைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம், வெட்கமில்லாமல். விடை வந்துவிட்டதே!

குழாய்க்குள் குருமணலை இறுக்கி அடைத்து, இரண்டு வாயையும் கட்டையால் மூடி, கொல்லுலையில் பழுக்கவைத்து வளைத்தோம். மணல் இருந்தால் குழாய் நசியாது. அச்சுக்கு மேலால் விரல் நாலும் போகும் இடைவெளி. பிடிக்க, பழைய ரயரில் வெட்டிய வார். நான் தெருவோரம் நிற்க, நல்லதம்பி அண்ணை வெறும் பின் சீற்றோடு காங்கேசன்துறைப் பக்கம் ஒரு தரம் போய் வந்தார். என்னைக் கடக்கும்போது எஞ்சின் முனகல் தவிர ஒன்றுமில்லை. கை தட்டினேன்.

கார் நின்றது. அவர் இறங்கவில்லை. மேலுதட்டில் வியர்வை.

"நிண்டிட்டுது, என்ன அண்ணை?"

"ஓம் தம்பி. நிண்டிட்டுது." ஸ்ரேறிங்கை விட்டுக் கையை எடுக்காமலே சொன்னார். "காப்புச் சத்தம் நிண்டிட்டுது. இப்பதான் மற்றது வடிவாக் கேக்குது."

"என்ன கேக்குது?"

"மெல்லப் போங்கோ அண்ணை எண்டு."

மயில் அண்ணை என்னைப் பார்த்தார். நான் சீற் ஸ்பிறிங் என்றேன். காற்று என்றேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதில் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. கடைசியில், ட்ரைவிங் அரைகுறையாகத் தெரிந்த நான், தனியே ஓட்டிப் பார்க்கிறேன் என்று காரைக் கேட்டு வாங்கி ஓட்டினேன். இரண்டு பக்கமும் வெங்காயப் பாத்தி. கிணற்றுத் துலாக்கள் ஆளில்லாமல் நின்றன. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கேற்றடி நெருங்க என் கால், நான் எடுக்காமலே, அக்ஸிலேற்றரிலிருந்து எழும்பியது. கார் தண்டவாளத்தை ஊர்ந்து கடந்தது, நிறைமாதப் பெண்ணை ஏற்றிய கார்போல. பின்னால் றெக்சின் ஒரு தரம் கிரீச்சிட்டது. பயந்தவன் காதுக்கு எதுவும் கேட்கும் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். பின் சீற்றைக் காட்டும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அதையும் சொல்லவேண்டும்.

நல்லதம்பி அண்ணை காரை விற்கவில்லை. அடுத்த நாளே பின் சீற்றில் மறுபடி வெங்காய மூடை.

"இப்ப என்னத்துக்கு அண்ணை? அதுதான் திருத்தியாச்செல்லே?"

"உம்மடை வேலை சரி தம்பி, பிழை சொல்லேல்லை. பின் சீற் வெறுமையா இருக்கப்படாது. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு எந்த அவசரமானாலும் அந்தக் கேற்றடியில் அவர் ஊர்ந்துதான் போனார். பின்னால் வரும் லொறிக்காரர் ஏசுவார்கள். கை காட்டி முன்னே விடுவார்.

அந்தக் கேற் இப்போது இல்லை. போரில் ரயில் நின்றது, தண்டவாளம் போனது, சிலிப்பர்க் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குப் போயின. கார் யாருடைய வளவிலோ கோழிக்கூடானது என்றார்கள். நல்லதம்பி அண்ணை இறந்துபோன செய்தி எனக்கு ஒரு வருடம் பிந்தி வந்தது. பிழைத்த அந்தப் பிள்ளைக்கு இன்று அவளுடைய தாயின் வயதுக்கு மேல் இருக்கும். எங்கே இருக்கிறாளோ.

மூடை இன்னும் என் காரின் பின் சீற்றில்தான் கிடக்கிறது. வீட்டில் கேட்டார்கள், பிறகு இறக்குகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். குழாய் எங்கே தட்டுகிறது என்று எனக்குத் தெரியும். நாளை காலையில் காரைத் தூக்கிவைத்து, அந்த மினுங்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, குழாயை விலக்கிக் கட்டவேண்டும். பிறகு மூடையை இறக்கிவிட்டு, ரேடியோவை நிறுத்திவிட்டு, தனியே ஒருதரம் ஓட்டிப் பார்க்கப்போகிறேன். இந்தத் தரம் கண்ணாடியையும் பார்ப்பேன்.

மெல்லத்தான் போவேன்.