துண்டுக்கு வழி விடாத வீதி

தங்கப்பொண்ணுக்கு இடது கை கனக்கும். வண்டிகள் நெருக்கியடித்து நின்று ஹாரன் அடிக்கத் தொடங்கினால் போதும், யாரோ தோளில் சாய்ந்து விரல்களைக் கோத்துப் பிடித்ததுபோல் கை கீழே இறங்கிவிடும். டாக்டர் நரம்பு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். நரம்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் சுபலட்சுமி அம்மாள் கீழமாசி வீதியில் செத்துப்போனாள்.

திருவாதவூரில் பிறந்து செல்லூருக்கு வாழ்க்கைப்பட்டவள் தங்கப்பொண்ணு. புருஷன் போன பிறகு ஒரு நர்சிங் ஹோமில் ஆயாவாகச் சேர்ந்து வேலை பழகினாள். இப்போது வீடுகளில் படுத்துக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறாள். புண் வராமல் புரட்டிப் போடுவாள், புரையேறாமல் கஞ்சி புகட்டுவாள், வீண்பேச்சு பேசமாட்டாள். நோயாளி செத்தால் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, உடம்பைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பாள். அப்படி அனுப்பிவைத்தவர்களில் ஒருத்தரும் அவள் பின்னால் வந்ததில்லை. சுபலட்சுமி அம்மாள் மட்டும் வந்தாள்.

அது போன தீபாவளி நேரம். தெற்கு ஆவணி மூல வீதி வீட்டில் அம்மாளுக்கு இழுப்பு கண்டது. ஆம்புலன்ஸ் அந்தக் கூட்டத்துக்குள் வந்து சேர நேரமாகும் என்றார்கள். தங்கப்பொண்ணு தன் தம்பி சிவபாண்டிக்குப் போன் போட்டாள். பக்கத்து ஸ்டாண்டில்தான் அவன் ஆட்டோ ஓட்டுகிறான். உடனே வந்தான். அம்மாளை ஏற்றியதும் ஒரு வெள்ளைத் துண்டை அக்காவின் கையில் திணித்தான்.

"வெளிய நீட்டி ஆட்டுக்கா. ஆத்தத் தாண்டிட்டா ஆஸ்பத்திரிதான்."

கீழமாசி வீதியில் வண்டி நின்றுவிட்டது. அவள் ஆட்டினாள். முன்னால் பைக்கில் நின்றவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா, ஜவுளிக் கடைய மூடிருவாய்ங்களாக்கும்?"

"சீக்காளிய்யா! மூச்சு இழுக்குது, ஒதுங்குங்கய்யா!"

"எல்லா ஆட்டோவுலயும் சீக்காளிதான்," என்றான் சுமைவண்டிக்காரன். "நேத்து துண்ட ஆட்டுன சீக்காளி இறங்கி அல்வா வாங்குச்சு."

அவன் சொன்னது பொய்யில்லை. அந்த ஸ்டாண்டில் எல்லா வண்டியிலும் ஒரு வெள்ளைத் துண்டு தொங்கும். ரயிலுக்கு நேரமானவர்கள், முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தவர்கள், யார் ஏறினாலும் கையில் துண்டைக் கொடுத்து ஆட்டச் சொல்வார்கள். சனங்கள் முதலில் பதறி வழி விட்டார்கள். பிறகு சூட்சுமம் புரிந்துபோனது.

அம்மாளின் மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. அப்புறம் இழுக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. தங்கப்பொண்ணின் வலது கை அப்போதும் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் புதுப் பேச்சு கிளம்பியது. மாசி வீதிகளுக்குள் வண்டி நுழைந்தால் கட்டணம் வாங்கலாமா என்று கூட்டம் போட்டு சனங்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்களாம். அதிலிருந்து செத்துப்போன அம்மாளுக்குக் கிராக்கி வந்துவிட்டது.

முதலில் வந்தவன் ஸ்டாண்டின் தலைவன் பேயாண்டி. "சீக்காளிய ஏத்திக்கிட்டு வர்றவன் காசு வாங்குற கேட்டுல நின்னு சில்லறை தேடணுமான்னு மைக்குல கேளுக்கா. அம்புட்டுதான். மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

அடுத்து வந்தவர் கீழமாசி வீதியிலேயே குடியிருக்கும் அழகுராஜா. "காசு வச்சா கூட்டம் குறையும்மா. ரோடு காலியா இருந்திருந்தா அந்தம்மா பொழைச்சிருக்கும்ல? அத மட்டும் சொல்லுங்க."

என்ன நடந்தது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. தம்பிதான் கேட்டான், வேறு மாதிரி.

"துண்டு கதைய எடுக்க மாட்டேல்ல? எடுத்தேன்னா ஸ்டாண்டுல என்னய நிக்க விடமாட்டாய்ங்க. ஆட்டோவுக்கு இன்னும் தவணை இருக்கு."

தங்கப்பொண்ணு அரிசி களைந்துகொண்டிருந்தாள். தெருவில் ஏதோ லாரி பின்வாங்கும் சத்தம். தோளுக்குப் பக்கத்தில் மூச்சு இழுத்தது. இழுத்தது, நின்றது. அடுத்த மூச்சுக்காகத் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அதிகாரி ஒருவர் மேடையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"காரு வச்சிருக்கவன் குடுக்கட்டும். டவுன் பஸ்ல வர்றவனுக்கு என்ன நட்டம்?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அப்ப வெங்காய மூட்டைய ஒந்தலையில ஏத்திவிடவா மாப்ள?" என்றார் ஒரு வியாபாரி.

மண்டபமே சிரித்தது. பேயாண்டி தங்கப்பொண்ணைக் கூப்பிட்டான். மைக்கைப் பிடித்ததும் வெளியே யாரோ ஹாரனை அழுத்தினார்கள். கை கனத்தது.

"அந்தம்மா எங்கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் செத்துச்சு," என்றாள். "கூட்டம் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா பைக்க ஒதுக்க எடம் இருந்துச்சு. ஒருத்தனும் ஒதுக்கல. ஏன்னா பட்டெடுக்கப் போறப்பவும் எங்காளுக துண்ட ஆட்டுறாக. எந்தம்பி வண்டியிலயும் அந்தத் துண்டுதான்."

அதிகாரி நிமிர்ந்தார். "நீங்க கட்டணம் வேணும்கிறீங்களா, வேணாம்கிறீங்களா?"

"எனக்குத் தெரியலய்யா. கேட்டுல நிக்கிறவன் வண்டிக்குள்ள யாருன்னு பாத்து விடுவானா? அத எழுதிக்கோங்க."

அவர் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடினார்.

"பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேக்கா," என்றான் பேயாண்டி. பிறகு சிவபாண்டியைப் பார்த்தான். "நாளைக்கு வேற எடம் பாத்துக்க."

சிவபாண்டி வெளியே போய் ஆட்டோவைக் கிளப்பினான்.

அவள் பஸ் பிடிக்கச் சிம்மக்கல்லுக்கு நடந்தாள். கீழமாசி வீதி அடைத்துக் கிடந்தது. பின்னாலிருந்து ஒரு ஆட்டோ, பட்டப்பகலில் விளக்கெரிய, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. எந்த வண்டியும் அசையவில்லை. தங்கப்பொண்ணு நடுரோட்டில் இறங்கினாள்.

"ஓரங்கட்டு, ஓரங்கட்டு!"

"ஏ ஆத்தா, உள்ள யாரு, ஒஞ்சொந்தமா?" என்றான் ஒருவன்.

"யாரா இருந்தா என்ன? வண்டிய எடு!"

முதலில் ஒதுங்கியது சிவபாண்டியின் ஆட்டோ. அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. அவனைப் பார்த்து ஒரு பைக், பிறகு ஒரு வேன். கிடைத்த இடுக்கில் அந்த ஆட்டோ அவளை உரசிக்கொண்டு போனது. உள்ளே யார் என்று பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது வழி மறுபடி அடைத்திருந்தது. தம்பியின் வண்டியும் அதற்குள் மாட்டி நின்றது. அவன் கூப்பிடவில்லை. அவளும் ஏறவில்லை.