ஒரு ஃபிரெட் தள்ளி

கண்ணாடிக் கடையில் எல்லோரும் அவளைப் பவர் அக்கா என்றே கூப்பிட்டார்கள். மூக்குக் கண்ணாடிச் சட்டத்தில் லென்ஸ் பொருத்துவது அவள் வேலை. யார் முகத்திலாவது கண்ணாடி ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. பேருந்தில் முன்பின் தெரியாதவரிடம்கூட, “கழட்டிக் குடுங்க, ஒரு நிமிஷம்” என்று வாங்கி நிமிர்த்தித் தருவாள்.

அந்த வாரம் அவள் கை எதிலும் நிலைகொள்ளவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மகளுக்கு இசைக் கல்லூரியில் நுழைவுத் தேர்வு. சொந்தமாக எழுதிய பாட்டைப் பாட வேண்டும். பக்கவாத்தியத்துக்கு ஆளும் கூட்டி வர வேண்டும். கிட்டார் வாசிப்பதாக இருந்த தோழி செவ்வாய்க்கிழமை வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மகளின் உகுலேலேயில், அந்த நாலு தந்திக் குட்டி கிட்டாரில், நாலு பழைய பாட்டு வாசிக்கத் தெரிந்த அம்மாவை விட்டால் வேறு ஆளில்லை.

பாட்டு ஏ மைனரில், சோகமாக ஒலிக்கும் சுர வரிசையில். நேச்சுரல் மைனர், ஷார்ப் ஒன்றுகூட இல்லாத ஏழு சுரங்கள், அந்த ஏழிலிருந்தே, சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டான கார்டுகள் எல்லாம். ஏ மைனர், எஃப், ஜி மூன்றும் ஒழுங்காக விழுந்தன. வரி முடிவில் வரும் இ மைனரில்தான் தகராறு. இரண்டாம் தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டில், கழுத்தின் குறுக்கே பதித்த மூன்றாவது கம்பிக் கட்டில், நிற்க வேண்டிய விரல் நாலாவதுக்கு ஏறிவிடும். இ மேஜர் ஒலிக்கும். அவள் பழகிய பாட்டுகளில் எல்லாம் அப்படித்தான். அந்த மேஜர் கேட்டதும், பாட்டு வீடு திரும்பப் போகிறது என்று காது நிம்மதி அடையும்.

“மறுபடியும் மேஜர்” என்றாள் மகள்.

“விரல் தானா போகுதுடி.”

“விரல் இல்லம்மா, நீ. எல்லாத்தையும் சரி பண்ணிடணும் உனக்கு. அப்பா நம்மள விட்டுட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. யார் கேட்டாலும் வேலை விஷயமா வெளியூர்ல இருக்கார்ங்கற.”

“நாலு பேர் வாய்ல விழணுமா?”

“இது அவர் போனதைப் பத்தின பாட்டு. நீ மேஜர் போட்டா அவர் திரும்பி வந்துட்டார்னு ஆயிடும். வரலையே.”

அம்மா எழுந்தாள். உள்ளே போய், காய்ந்த துணிகளை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

வெள்ளிக்கிழமை கடையில் ஒரு சட்டத்தின் திருகாணியை முறுக்கிக்கொண்டே போய் மரையை அழித்துவிட்டாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.

“என்னக்கா, கண்ணு டெஸ்ட் பண்ணவா உங்களுக்கு?” என்றான் கண் பரிசோதிக்கிறவன்.

“கண்ணு நல்லாத்தான் இருக்கு. இந்த விரலுக்கு ஏதாச்சும் பவர் இருந்தா சொல்லு.”

சனிக்கிழமை. நீண்ட மேசைக்குப் பின்னால் நரைத்த தேர்வாளர் அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

“பாட்டு எதைப் பத்தி?”

மகள் தரையைப் பார்த்தாள். அம்மாவுக்கு வழக்கமான ‘வெளியூர்’ பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

“இவ அப்பா எங்களை விட்டுட்டுப் போனதைப் பத்தி.”

மகள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பாடத் தொடங்கினாள்.

முதல் அடியில் விரல் மூன்றாவது ஃபிரெட்டில் நின்றது. இரண்டாவதிலும் நின்றது. கடைசி அடிக்கு வரும்போது மகளின் குரல் உடைந்தது. அதை நிமிர்த்திவிடப் பார்த்தாள் அம்மா. விரல் நாலாவதுக்கு ஓடியது. மகளின் குரல் கீழே நிற்க, கார்டு அரைச் சுரம் மேலே நின்று உரசியது. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. கல்லூரி சீட்டே ஒரு விரலால் போச்சே என்று அம்மா நினைத்தாள்.

மகள் நிறுத்தவில்லை. மூச்சை இழுத்து, அதே வரியை மறுபடி ஆரம்பித்தாள். அம்மாவின் கையை மட்டும் பார்த்துப் பாடினாள். கண்ணீரில் ஃபிரெட் கம்பிகள் கலங்கித் தெரிந்தன. விரல் தடவித் தடவி மூன்றாவதைப் பிடித்து அழுத்தியது. இ மைனர். பாட்டு அந்தரத்தில் நின்றது.

தேர்வாளர் பேனாவை மூடினாள். “கடைசி வரி ரெண்டு தடவையா?”

“ஒரு தடவைதான் மேடம். அம்மாவுக்காக இன்னொரு தடவை பாடினேன்.”

“திங்கக்கிழமை வந்து சேர்ந்துடு” என்றாள் அவள், தாளில் எழுதிக்கொண்டே. “அவங்களைக் கொஞ்சம் உக்கார வை. நின்னுக்கிட்டே நடுங்கறாங்க.”